"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லம்மா": வாசகிகள் கேள்வி - பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி மாதவிடாய் வலி பத்தி ஒரு வாசகி கேட்டதுக்கு நாலு வரியில பதில் எழுதியிருந்தேன், அதுல எண்டோமெட்ரியோசிஸ்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அவ்ளோதான். அதுக்கப்புறம் வந்த கடிதத்தையும் வாட்ஸப் மெசேஜையும் படிச்சு முடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு, பாதி கடிதத்துல ஒரே வரி, "ரிப்போர்ட் நார்மல்னு சொல்லிட்டாங்க அக்கா, ஆனா வலிக்குது". அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே. நான் டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். 14 வயசுல இருந்து இந்த வலியோட இருக்கேன், அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு தெரியறப்போ எனக்கு 27 வயசு, நடுவுல பாத்த டாக்டருங்க ஏழு பேரு. அந்த அனுபவத்துலயும், அப்புறம் தேடித் தேடி படிச்சதுலயும்தான் எழுதறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயசு, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை பாக்கறேன். ஏழாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன், ரெண்டு வருஷத்துலயே வலி ஆரம்பிச்சிருச்சு. முதல் ரெண்டு நாள் எந்திரிக்கவே முடியாது, வாந்தி, தொடை வரைக்கும் இழுக்கும், வெளிக்கு போக உக்காந்தா உள்ள கிழியற மாதிரி இருக்கும். நாலு டாக்டர் பாத்தாச்சு, ரெண்டு ஸ்கேன், ரெண்டும் நார்மல். கடைசியா பாத்தவங்க "உனக்கு வலி தாங்கற சக்தி கம்மி, கல்யாணம் ஆகி ஒரு கொழந்த பொறந்தா எல்லாம் சரியாயிடும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மாவும் "நாங்கல்லாம் இதோடயே நாத்து நடலையா"ன்னு கேக்கறாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு, நான்தான் ரொம்ப பண்றேனோ? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: நீ ரொம்ப பண்ணல தங்கச்சி. இத முதல்ல படிச்சுக்கோ, மீதிய அப்புறம் பொறுமையா படி.

மாதவிடாய்ல கொஞ்சம் வலி நெறைய பேருக்கு வரும், சரிதான். ஆனா ஒரு மாத்திரை போட்டு வெந்நீர் ஒத்தடம் குடுத்தா அடங்கற வலி வேற, வாந்தி எடுத்து லீவு போட்டு சுருண்டு படுக்க வைக்கற வலி வேற. நீ எழுதினதுல எனக்கு சுருக்குனு பட்டது அந்த வெளிக்கு போற வலிதான். கர்ப்பப்பையோட உள்பக்கம் இருக்கற சவ்வு மாதிரியே ஒரு திசு, கர்ப்பப்பைக்கு வெளிய, சினைப்பை மேல, குடல் மேல, மூத்திரப்பை மேலன்னு ஒட்டிக்கிட்டு வளர்றதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாசா மாசம் ஹார்மோன் ஏறி எறங்கறப்போ அதுவும் கசியும், ஆனா அந்த ரத்தம் வெளிய வர வழி இல்ல, அங்கயே புண்ணாகி வீங்கி, போகப்போக தழும்பாகி ஒரு உறுப்போட இன்னொரு உறுப்ப ஒட்ட வெச்சிடும். கர்ப்பப்பைக்கு பின்னாடி, மலக்குடலுக்கு முன்னாடி இருக்கற அந்த சின்ன இடத்துல இது வந்தா பீரியட்ஸ் டைம்ல வெளிக்கு போறப்போ உயிர் போற மாதிரி இருக்கும். இத நெறைய பேரு வயித்து கோளாறுன்னு நெனைச்சு கேஸ் மாத்திரை சாப்ட்டுட்டு இருப்பாங்க, நானும் சாப்ட்டேன், மூணு வருஷம்.

அப்போ ஸ்கேன் ஏன் நார்மல்னு வருது? உனக்கு கல்யாணம் ஆகல, அதனால அநேகமா தண்ணி குடிக்க வெச்சு வயித்து மேல வெச்சுதான் ஸ்கேன் எடுத்திருப்பாங்க. நம்ம ஊர்ல கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு பிறப்புறுப்பு வழியா எடுக்கற இன்டர்னல் ஸ்கேன பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, அதுல தப்பு சொல்ல வரல, ஆனா மேல் ஸ்கேன்ல தெரியறது ரொம்ப கம்மி. சினைப்பைல சாக்லேட் சிஸ்ட்னு சொல்ற கட்டி இருந்தா தெரியும். சவ்வு மேல திட்டுத் திட்டா மெலிசா படர்ந்திருக்கறது நல்ல இன்டர்னல் ஸ்கேன்லயே கூட பல சமயம் தெரியாது. அப்புறம் இன்னொரு கொடுமை, நோய் எவ்ளோ பரவியிருக்குங்கறதுக்கும் வலி எவ்ளோங்கறதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல, நாலாவது ஸ்டேஜ்ல இருக்கற சிலர் வலியே இல்லாம இருப்பாங்க, முதல் ஸ்டேஜ்ல இருக்கறவ தரையில உருளுவா. அதனால "ஸ்கேன் நார்மல்"னா ஸ்கேனுக்கு அகப்படலன்னுதான் அர்த்தம்.

கல்யாணம் ஆனா சரியாயிடும்ங்கறத நானும் கேட்டேன், அதுவும் ஸ்டெதஸ்கோப் மாட்டினவங்க வாயால. கர்ப்பமா இருக்கறப்போ பீரியட்ஸ் நிக்கறதால சிலருக்கு கொஞ்ச நாள் வலி கொறையும், கொறையாதவங்களும் உண்டு, ஆனா அது வைத்தியம் கெடையாது, திரும்ப வரலாம். ஒரு வலிக்காக ஒரு பொண்ணுக்கு கல்யாணத்த எழுதி குடுக்கற டாக்டர்கிட்ட ரெண்டாவது தடவை போகாத.

எனக்கு பிளஸ் டூ பிராக்டிகல் நேரத்துல ராத்திரி ஒரு ஆஸ்பத்திரில எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு போனாங்க, அங்க டியூட்டில இருந்தவர் ஒரு ஊசி போட்டுட்டு எங்கப்பாவ வெளிய அனுப்பிட்டு "லவ் ஃபெய்லியரா?"ன்னு கேட்டார். நான் பதிலே சொல்லல. அதுக்கப்புறம் நாலு வருஷம் எந்த டாக்டர்கிட்டயும் வலின்னு சொல்லவே இல்ல, பல்ல கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஏழாவதா பாத்த டாக்டரம்மா ஃபைல தொறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "பீரியட்ஸ் அப்போ வெளிக்கு போறப்ப வலிக்குதாம்மா?" அங்கயே ஒக்காந்து அழுதுட்டேன், யாரும் அத அதுவரைக்கும் கேட்டதே இல்ல.

இப்ப நீ செய்ய வேண்டியது. ஒரு சின்ன நோட்டுல மூணு மாசம் எழுது, எந்த தேதி, எவ்ளோ வலி பத்துக்கு எத்தன, வெளிக்கு போறப்ப ஒண்ணுக்கு போறப்ப வலி இருந்துச்சா, வாந்தி, என்ன மாத்திரை, கேட்டுச்சா கேக்கலையா, எத்தன நாள் லீவு போட்ட, பீரியட்ஸ் இல்லாத நாள்லயும் வலி இருந்துச்சா. டாக்டர் ரூம்ல நமக்கு கெடைக்கறது அஞ்சு நிமிஷம், அதுல "ரொம்ப வலிக்குது"ன்னு சொன்னா அவங்க காதுல ஏறாது, "மூணு மாசத்துல எட்டு நாள் லீவு, ஏழு நாள் வாந்தி"ன்னு பேப்பர நீட்டினா ஏறும். எண்டோமெட்ரியோசிஸுக்கு லேப்ராஸ்கோப்பி (வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பாக்கறது) அடிக்கடி பண்ற மகப்பேறு டாக்டரா தேடு, தனியார்ல முடியலன்னா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மகப்பேறு துறை இருக்கு. நேரா கேளு, "எனக்கு எண்டோமெட்ரியோசிஸா இருக்குமோன்னு நெனைக்கறேன், இல்லன்னா எத வெச்சு இல்லன்னு சொல்றீங்க? எம்ஆர்ஐ எடுத்தா தெரியுமா?" சிஏ 125னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதுவாங்க, அது வேற பல காரணத்துக்கும் ஏறும், அத மட்டும் வெச்சு ஆமான்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது. முன்னாடியெல்லாம் அந்த லேப்ராஸ்கோப்பி பண்ணி பாத்தாதான் உறுதின்னு சொல்லுவாங்க, ஐரோப்பாவோட கருத்தரிப்பு மருத்துவ சங்கமான எஷ்ரே 2022-ல குடுத்த வழிகாட்டுதல்ல, அறிகுறிய வெச்சே ஹார்மோன் சிகிச்சை ஆரம்பிச்சு பாக்கலாம், எல்லாருக்கும் முதல்லயே ஆபரேஷன் வேண்டியதில்லன்னு சொல்லிட்டாங்க. அதனால ஆபரேஷன்னு பயந்து தள்ளிப் போடாத.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல, கருத்தரிக்கற வயசுல இருக்கற பொண்ணுங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கு, ஏறக்குறைய 19 கோடி பேரு. பிரிட்டன்ல எம்.பி.க்கள் குழு ஒண்ணு 2020-ல ரிப்போர்ட் குடுத்துச்சு, பத்தாயிரம் பேருக்கு மேல கேட்டு எழுதினது, அவ்ளோ வசதி இருக்கற நாட்டுலயே கண்டுபிடிக்க சராசரியா 8 வருஷம், பாதிக்கு மேல பேரு அதுக்குள்ள டாக்டர பத்து தடவைக்கு மேல பாத்திருக்காங்க. நீ நாலு டாக்டர பாத்துட்டு உன் மேலயே சந்தேகப்படற, தப்பு உன் மேல இல்லடா.

அம்மா பத்தி ஒண்ணு. இது குடும்பத்துல வர்ற வியாதி, அம்மாக்கோ அக்காக்கோ இருந்தா பொண்ணுக்கு வர்றதுக்கு வாய்ப்பு கூட. அவங்க நாத்து நட்டுக்கிட்டே தாங்கினதும் இதே வலியா இருக்கலாம், அவங்க காலத்துல கேக்க யாரும் இல்ல. சண்டை போடாம ஒரு நாள் உக்காந்து "உனக்கு எப்படி இருந்துச்சும்மா"ன்னு கேளு. எங்கம்மாகிட்ட நான் கேட்டப்போ அவங்க ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "மாட்டுக்கொட்டாய்ல போய் படுத்து வாயில துணிய வெச்சுக்குவேன்"னாங்க.

கேள்வி: என் பொண்ணு பத்தாவது படிக்கிறா மேடம். மாசம் மூணு நாள் ஸ்கூலுக்கு போக முடியல, டீச்சர் நடிக்கிறான்னு சொல்றாங்க. மாத்திரை குடுத்தா பின்னாடி கர்ப்பப்பை கெட்டுடும்னு எங்க மாமியார் குடுக்கவே விட மாட்றாங்க, வெந்தயம் முழுங்க சொல்றாங்க. டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினாங்க, அது கருத்தடை மாத்திரைன்னு மெடிக்கல்ல சொன்னதும் பயந்து வாங்காம வந்துட்டேன். என்ன செய்யறது? (ஒரு தாய், மன்னார்குடி)

பதில்: நீங்க எழுதினதே பெரிய விஷயம்மா, பொண்ணு சொல்றத நம்பறீங்க, அதுல பாதி பாரம் அவளுக்கு எறங்கியிருக்கும்.

வலி மாத்திரை கர்ப்பப்பைய கெடுக்காது. பீரியட்ஸ் வலிக்கு முக்கியமான காரணம் ப்ராஸ்டாகிளாண்டின்னு உடம்புல சுரக்கற ஒண்ணு, மெஃபெனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைங்க அது சுரக்கறதையே கொறைக்கும், அதனாலதான் வலி உச்சிக்கு போனப்புறம் போட்டா கேக்காது, வலி ஆரம்பிக்கறப்பவே, சாப்ட்டுட்டு, டாக்டர் சொன்ன கணக்குல போடணும். நம்ம வீடுங்கள்ல "இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாரு"ன்னு சொல்லி சொல்லியே அந்த நேரத்த தவற விட்டுடறோம். அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டர்கிட்ட சொல்லாம குடுக்காதீங்க. மெஃப்டால்னு கடையில கேட்டு வாங்கறது எல்லா வீட்டுலயும் இருக்கு, அதுல இருக்கறது மெஃபெனமிக் ஆசிட்தான், 2023 கடைசில இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபெனமிக் ஆசிட் பத்தி ஒரு எச்சரிக்கை விட்டாங்க, ரொம்ப அபூர்வமா சிலருக்கு மாத்திரை எடுத்து சில வாரத்துல காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறி கட்டறதுன்னு வரும், அப்படி வந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போகணும். அதுக்காக மாத்திரையே வேண்டாம்னு இல்ல, டாக்டர் எழுதிக் குடுத்து எடுக்கட்டும்.

மாமியாரோட வெந்தயத்த நிறுத்த வேண்டாம், மாத்திரையோட அதுவும் இருக்கட்டும், அவங்களும் பேத்திக்கு நல்லதுன்னுதான் சொல்றாங்க. அடிவயித்துல வெந்நீர் பை வைக்கறது நெஜமாவே நல்லா கேக்கும்.

அந்த ஹார்மோன் மாத்திரை விஷயம். பேரு கருத்தடை மாத்திரைதான், ஆனா இங்க அது செய்யற வேலை ஹார்மோனோட மாதாந்திர ஏத்த எறக்கத்த அடக்கி, கசிவையும் வலியையும் கொறைக்கறது. உலகம் பூரா பதின்வயசு பொண்ணுங்களுக்கு இதுக்காக குடுக்கறாங்க. நிறுத்தினா பீரியட்ஸ் திரும்ப வரும், பின்னாடி கொழந்த பொறக்கறத தடுக்காது. மைக்ரேன் தலைவலி, குடும்பத்துல யாருக்காவது காலுல ரத்தக்கட்டு இருந்தா அத மட்டும் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்க. சீட்ட எடுத்துக்கிட்டு திரும்ப போய் உங்க பயத்த அவங்ககிட்டயே கேளுங்க, மெடிக்கல் ஷாப்ல நிக்கற பையன்கிட்ட இல்ல.

ஸ்கூலுக்கு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி எச்.எம்.கிட்ட நேர்ல குடுங்க. "நடிக்கிறா"ன்னு ஒரு புள்ளைய பத்து பேரு முன்னாடி சொன்னா அது அவ மனசுல எத்தன வருஷம் நிக்கும்னு அந்த டீச்சருக்கு தெரியணும். பீகார்ல 1992-லயே அரசு வேலையில இருக்கற பொம்பளைங்களுக்கு மாசம் ரெண்டு நாள் இதுக்காக லீவு குடுத்தாங்க, கேரளாவுல 2023-ல யுனிவர்சிட்டி மாணவிகளுக்கு 75 சதவீத வருகைக்கு பதிலா 73 போதும்னு ஆக்கினாங்க. கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க.

கேள்வி: கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது மேடம். மனைவிக்கு சேரும்போது ஆழமா வலி இருக்கு, அடுத்த நாளும் இருக்கு. ஒரு டாக்டர் "மனசு சம்பந்தப்பட்டது, ரிலாக்ஸா இருங்க"ன்னார். அவ இப்ப என்ன கண்டாலே ஒதுங்கறா, எனக்கு கஷ்டமா இருக்கு, அவள நான் கஷ்டப்படுத்தறேனோன்னும் இருக்கு. எங்கம்மா வேற கொழந்த எப்போன்னு கேட்டுட்டே இருக்காங்க. (வாசகர், அம்பத்தூர்)

பதில்: தம்பி, ஆம்பளைங்க எழுதின கடிதம் மூணுதான் வந்துச்சு, அதுல ஒண்ணு உங்களோடது, சந்தோஷமா இருந்துச்சு.

ஆழமா வலிக்கறது எண்டோமெட்ரியோசிஸோட முக்கியமான அறிகுறிகள்ல ஒண்ணு. உங்கள புடிக்காம ஒதுங்கறாங்கன்னு நெனைக்காதீங்க, சூடு பட்ட கை அடுப்புகிட்ட போகாது இல்லையா, உடம்பு தன்னால ஒதுங்கும். வலி வந்தா அந்த நிமிஷமே நிறுத்தலாம், ஒண்ணும் கோவம் இல்லன்னு வாய விட்டு சொல்லுங்க, சொன்னாத்தான் அவங்களுக்கு அந்த பயம் போகும். அடுத்த தடவை டாக்டர்கிட்ட உள்ள கூடவே போங்க, வெளிய உக்காந்து போன் பாக்காதீங்க. நம்ம ஊர்ல ஒரு கொடுமை என்னன்னா பொண்ணு தானே சொன்னா டென்ஷன்னு சொல்றவங்க, புருஷன் "டாக்டர், நான் பாத்திருக்கேன், ரெண்டு நாள் தரையில படுத்து துடிக்கறா"ன்னு சொன்னா பேனாவ எடுத்து எழுதறாங்க. எனக்கு அதுல ஆத்திரம்தான் வருது, ஆனாலும் இன்னைக்கு நெலமைக்கு நீங்க சாட்சி சொன்னா அவங்களுக்கு உதவி. உங்க மனைவிக்கு இன்டர்னல் ஸ்கேன் எடுக்க முடியும், எண்டோமெட்ரியோசிஸ் பாத்து பழகின டாக்டரா பாத்து எடுங்க. இடுப்பு தசைக்குன்னு பிசியோதெரபி இருக்கு, வருஷக்கணக்கா வலிய தாங்கி தாங்கி அந்த தசையெல்லாம் இறுகிப் போயிருக்கும், அதுவும் கேட்டுப் பாருங்க.

கொழந்த விஷயம், இது இருந்தா கொழந்தையே பொறக்காதுன்னு இல்ல, நெறைய பேருக்கு தானாவே தங்குது, சிலருக்கு லேட்டாகுது, சிலருக்கு சிகிச்சை வேணும். சாக்லேட் சிஸ்ட்னு தெரிஞ்சு ஆபரேஷன் சொன்னாங்கன்னா, முன்னாடி முட்டை இருப்பு பாக்கற ஏஎம்எச் டெஸ்ட் எடுத்துட்டு பேசுங்க, ஏன்னா சினைப்பைல திரும்பத் திரும்ப ஆபரேஷன் பண்ணா அந்த இருப்பு கொறையும். உங்கம்மாகிட்ட நீங்களே பேசிடுங்க, "நாங்க ரெண்டு பேரும் டாக்டர பாத்துட்டு இருக்கோம், இனிமே அவகிட்ட கேக்காதீங்க"ன்னு. அந்த பேச்ச மனைவி தலையில போடாதீங்க.

கேள்வி: வயசு 41, ரெண்டு புள்ளைங்க. இருபது வருஷமா வலி. இப்ப பாத்த எடத்துல "புள்ளதான் பொறந்தாச்சே, கர்ப்பப்பைய எடுத்துடலாம், தொல்லை விட்டுது"ன்னு சொல்றாங்க. எடுத்துடலாமா அக்கா? (நாகர்கோவில்)

பதில்: அவசரப்படாதீங்க. இந்த நோய் கர்ப்பப்பைக்கு வெளிய இருக்கறது, கர்ப்பப்பைய மட்டும் எடுத்துட்டு குடல் மேல இருக்கறத விட்டுட்டா வலி அப்படியே இருக்க வாய்ப்பு இருக்கு, எடுத்தப்புறமும் வலின்னு எழுதினவங்க கடிதம் என் மேசையிலயே இருக்கு. அடினோமயோசிஸ்னு கர்ப்பப்பை சுவருக்குள்ளயே வர்றது இருந்தா எடுக்கறது நல்லா உதவும், அதனால எது இருக்குன்னு முதல்ல தெரியணும். மூணு கேள்வி கேளுங்க, எனக்கு அடினோமயோசிஸா எண்டோமெட்ரியோசிஸா ரெண்டுமா? ஒட்டியிருக்கறதையும் சேத்து வெட்டி எடுப்பீங்களா? சினைப்பைய விடுவீங்களா எடுப்பீங்களா? 41-ல ரெண்டு சினைப்பையும் எடுத்தா அன்னைக்கே மெனோபாஸ், எலும்பு தேயறது, இருதயம்னு பின்னாடி நெறைய பாக்கணும். ஹார்மோன் வெச்ச ஐயுடிங்கற சின்ன சாதனத்த கர்ப்பப்பைக்குள்ள வைக்கறதும் ஒரு வழி, நெறைய பேருக்கு கேக்குது. இன்னொரு டாக்டர்கிட்ட ரிப்போர்ட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க, அதுக்கு எந்த டாக்டரும் கோவிச்சுக்க கூடாது.

கேள்வி: எண்டோமெட்ரியோசிஸுக்கு டைனோஜெஸ்ட்னு ஹார்மோன் மாத்திரை 2 மில்லிகிராம் மூணு மாசமா எடுக்கறேன், வலி பாதியா கொறஞ்சிருக்கு, ஆனா அடிக்கடி திட்டுத் திட்டா ரத்தம் படுது. நிறுத்திடலாமா? (கோவை)

பதில்: திட்டு படறது முதல் சில மாசம் சகஜம், பலருக்கு போகப்போக நின்னுடும், நீங்களா நிறுத்தாதீங்க, தினம் ஒரே நேரத்துல எடுங்க. ரொம்ப அதிகமா பட்டாலோ, மனசு காரணமே இல்லாம இருண்டு போற மாதிரி இருந்தாலோ உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்த ரெண்டாவது விஷயத்த யாரும் சொல்றதே இல்ல, எனக்கு வந்துச்சு. அப்புறம், இத கருத்தடைக்குன்னு நம்பி இருக்காதீங்க, அதுக்கு தனியா கேக்கணும்.

கேள்வி: எனக்கு எண்டோமெட்ரியோசிஸ்னு உறுதியாயிடுச்சு. வீட்ல மாப்பிள்ளை பாக்கறாங்க, "இத வெளிய சொல்லிடாத, கல்யாணமே நின்னுடும்"னு சித்தி சொல்றாங்க. சொல்லணுமா வேண்டாமா அக்கா? (தேனி)

பதில்: சொல்லணும், ஆனா ஊருக்கு இல்ல, அவர்கிட்ட. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு வேண்டாம், ரெண்டு பக்கமும் புடிச்சுப் போய் தனியா பேச விடறப்போ, நிச்சயத்துக்கு முன்னாடி, நீயே சொல்லு. பெரியவங்க வழியா போனா "கொழந்த பொறக்காதாம்"னு திரிஞ்சுதான் போய் சேரும். இது தொத்து இல்ல, மாசத்துல இத்தன நாள் எனக்கு முடியாது, மருந்து எடுக்கறேன், கொழந்தைக்கு கொஞ்சம் கூடுதலா டாக்டர பாக்க வேண்டி வரலாம், வராமலும் போகலாம், இவ்ளோதான் சொல்ல வேண்டியது. கேட்டுட்டு போயிட்டார்னா அன்னைக்கு அழுவ, தெரியும், நானும் ஒரு தடவை அழுதிருக்கேன். ரெண்டாவதா வந்தவர்கிட்ட மதுரைல ஒரு ஓட்டல்ல காபி ஆறிப்போற வரைக்கும் சொல்லிட்டு இருந்தேன், முழுசா கேட்டுட்டு "எந்த தேதில வரும்?"னு கேட்டு போன்ல குறிச்சுக்கிட்டார். இப்பவும் அந்த தேதிக்கு முந்தின நாள் வீட்ல மாத்திரை இருக்கான்னு பாக்கறது அவர்தான்.